அந்த ஏழு அடி ரோல் எங்கே? பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும்,

நான் 1990-இல் ஏழாம் வகுப்பில் சேர்ந்து 1996-இல் பிளஸ் டூ முடித்த உங்கள் பழைய மாணவன். பேண்டில் பேஸ் டிரம் அடித்தவன். 2025 ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில் பேண்டு அறையைக் காலி செய்து, உள்ளே இருந்த டிரம், பியூகிள், சிம்பல் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. ஆகஸ்டு 15 அன்று நேரில் வந்து பார்த்தேன். அறையில் உடைந்த பெஞ்சுகளும் பழைய விடைத்தாள் கட்டுகளும் கிடக்கின்றன. இரண்டு முறை கடிதம் எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை, அதனால் இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை, யாரும் ஊகம் செய்துகொண்டு யாரையும் திட்டவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

என்னோடு பேண்டில் டிரம் அடித்து, பிறகு உங்கள் பேண்டுக்கே பயிற்சியாளனாக இருந்த என் நண்பன் பெயரையும் எழுதவில்லை. அவன் மனைவி கேட்டுக்கொண்டார். பேண்டு அறையின் சாவி இருபத்திரண்டு வருடமாக யாருடைய இடுப்பில் இருந்தது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மார்ச் மாதம் ஒரு மத்தியானம், கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். 47 வயது.

ஆகஸ்டு 15 காலையில் நடந்ததை முதலில் சொல்கிறேன். பழைய மாணவர்களோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். கொடி அவிழ்ந்து பூ உதிர்ந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஒலிபெருக்கியில் ‘ஜன கண மன’ திடீரென்று ஆரம்பித்துவிட்டது. யாரோ கைப்பேசியில் போட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் கீழே கிடந்த செவ்வந்தி இதழை எடுக்கக் குனிந்தான், பின்னால் இருந்த ஆசிரியர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. கீதம் வரப் போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கென்றே நம்மிடம் ஒரு வாத்தியம் இருந்தது.

தேசிய கீதம் பற்றி மத்திய அரசு வெளியிட்டிருக்கும் விதிகளில் இது எழுதியே இருக்கிறது. பேண்டு கீதம் வாசிக்கும்போது, வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், கூட்டத்துக்குத் தெரிவதற்காக முன்னால் ஒரு டிரம் ரோல், அதாவது டிரம்மை இடைவிடாமல் உருட்டி அடிப்பது, வர வேண்டும். மெதுநடையில் ஏழு அடி எடுத்து வைக்கிற நேரம். மெல்ல ஆரம்பித்து, முடிந்த மட்டும் உரக்க ஏறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஆனாலும் ஏழாவது அடி வரை காதில் விழ வேண்டும். அப்புறம் ஒரு அடி அமைதி. அதற்குப் பிறகுதான் கீதம். கீதம் 52 வினாடி. மெதுநடை நிமிடத்துக்கு 70 அடி என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், அந்தக் கணக்கில் இந்த ரோல் ஆறே வினாடி. ஒலிப்பதிவு போட்டாலும் ரோல் கட்டாயம் என்று நான் வாதாட வரவில்லை, நீங்கள் விதியை மீறினீர்கள் என்று புகாரும் சொல்லவில்லை. அந்த ஆறு வினாடிக்கு ஒரு பையனைத் தயார் செய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களில் யாராவது எப்போதாவது கேட்டுப் பார்த்தீர்களா? என் நண்பனுக்கு எட்டு மாதம் ஆனது. எங்கள் செட்டில் அதுதான் மிகக் குறைவு. நான் ஒரு வருடம் முயன்று வராமல் பேஸ் டிரம்முக்குப் போனேன்.

எங்கள் மாஸ்டர் ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பச்மரியில் ராணுவ இசைப் பள்ளியில் படித்த காலத்தை வாரம் ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார். முதல் மூன்று மாதம் எங்களை டிரம் பக்கமே அண்ட விடவில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பலகையில் ஆணி அடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அதில்தான் ‘டாடி மம்மி’. வலது இரண்டு, இடது இரண்டு, வலது இரண்டு, இடது இரண்டு. மெதுவாக அடித்தால் ஒவ்வொன்றும் தனித் தனியாகக் கேட்கும். வேகம் கூடக் கூட ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரு கட்டத்தில் புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரே இழையாகிவிடும், அந்தக் கட்டம் வருகிற வரை மணிக்கட்டு வலியில் சோற்றைப் பிசையக்கூட முடியாது. டிரம் இடது தொடைமேல் சாய்ந்து தொங்குவதால் இடது கைக் குச்சியைக் கட்டைவிரல் இடுக்கில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும். அவன் இடது கைக் கட்டைவிரல் இடுக்கில் காய்ப்பு கடைசி வரை இருந்தது. மார்ச் மாதம் அவன் வீட்டில் அவனைக் கிடத்தியிருந்தபோதும் நான் பார்த்தேன்.

சாயங்காலம் நாலரைக்கு வரிசையில் நின்றதும் மாஸ்டர் முதலில் பார்ப்பது எங்கள் மணிக்கட்டைத்தான். வாட்ச், காசிக் கயிறு, கோயில் கயிறு, வெள்ளிக் காப்பு எதுவும் இருக்கக் கூடாது. “குச்சி பிடிக்கிற கையில ஒண்ணும் இருக்கப்படாது, கழத்துலே” என்பார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் மறுபடி வருகிறேன்.

பேஸ் டிரம்மைச் சுமக்கிறவனுக்குத் தன் காலடி தெரியாது. நெஞ்சை மறைத்துக்கொண்டு டிரம், அதற்கு மேலே தலை மட்டும். பேண்டு முழுவதுக்கும் இடது கால் எப்போது விழ வேண்டும் என்று சொல்கிற அடி என் கையில் இருந்தது, ஆனால் என் கால் எதில் விழப்போகிறது என்று எனக்கே தெரியாது. அவன் எனக்கு வலப்பக்கம் நடப்பான். உதடு அசையாமல் “ஏலே, குழி”, “சாணி கெடக்கு, தாண்டு”, “வளைவு வருது, சின்னதா வை” என்று சொல்லிக்கொண்டே வருவான், குச்சி ஒரு அடி பிசகாது. குடியரசு தினத்துக்கு வ.உ.சி. மைதானத்தில் 1993, 94, 95 என்று மூன்று வருடம் நடந்திருக்கிறோம், நிமிடத்துக்கு 120 அடி. மூன்று வருடமும் மேடையில் நின்ற ஆட்சியர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. மைதானம் முழுவதும் எனக்கு அவன் குரலாகத்தான் நினைவிருக்கிறது.

அவன் அப்பா பறை அடிப்பவர். சீவலப்பேரி போகிற வழியில் ஊர். பள்ளியில் இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கக் காரணம் இருந்தது. தெரிய வந்தது 1992 நவம்பரில். அப்போது எங்களிடம் இருந்த டிரம்களில் பாதி, கயிறு போட்டு இழுத்துக் கட்டுகிற பழைய தோல் டிரம்கள். அடைமழைக்குத் தோல் தொய்ந்துபோய் ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தது. மாஸ்டர் செய்தித்தாளைக் கொளுத்தித் தோலைக் காட்டினார், குப்பென்று எரிந்து அணைந்தது, தோலில் கரி ஒட்டியதுதான் மிச்சம். அவன் ஒன்றும் பேசாமல் சத்துணவுக் கூடத்துக்குப் போய்க் காய்ந்த பனையோலை ஒரு கட்டு கேட்டு வாங்கி வந்தான். அதைக் கொளுத்தி, தீயில் இருந்து ஒரு முழம் தள்ளி டிரம்மைப் பிடித்து, நடுவில் காட்டாமல் விளிம்பை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டினான். இடையிடையே நடுவிரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டான். “ஓரம் இறுகுச்சுன்னா நடு தன்னால இறுகும் சார்” என்றான். மாஸ்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். “எங்க அப்பா.” அதற்கு மேல் மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளில் இருந்து தோல் காய்ச்சுகிற பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டார், அவன் கைக்குக் கீழே இரண்டு பையன்களையும் போட்டார். ஒருவன் நான்.

அடுத்த ஜனவரியில் அணிவகுப்பைப் பார்க்க அவன் அப்பா வந்திருந்தார். முடிந்து வந்ததும் மகன் தோளில் தொங்கிய டிரம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நாங்க கொட்டடிச்சா கோயிலுக்கு வெளிய நின்னு அடிக்கணும். நீ கலெக்டர் முன்னாடி அடிச்சுட்டு வந்திருக்கியே” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த வயதில் எனக்கு அது பாதிதான் புரிந்தது.

1995 நம் மாவட்டத்துக்கு எப்படிப்பட்ட வருடம் என்று உங்களில் வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதிக் கலவரங்களுக்கு நடுவே, கொடியன்குளத்தில் தலித் மக்களின் வீடுகளைப் போலீஸ் புகுந்து சூறையாடியது ஆகஸ்டு 31. அந்த மாதங்களில் பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று தெரியாது. ஒரு சாயங்காலம் பயிற்சி முடிந்து பார்த்தால் அவன் ஊருக்குப் பஸ் இல்லை. என் வீடு நடக்கிற தூரம்தான். கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். “நீ போலே, நான் பாத்துக்கிடுதேன்” என்றான். மாஸ்டர்தான் சமாதானபுரத்தில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போய் நாலு நாள் வைத்துச் சோறு போட்டார். மறுநாள் நாலரைக்கு அவன் வழக்கம்போல என் வலப்பக்கம் வந்து நின்றான், வழக்கம்போல எனக்குக் குழி சொன்னான். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் இதை எடுத்து அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இந்தக் கடிதம் எழுத உனக்கென்ன உரிமை என்று நீங்கள் கேட்டால் என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

அவன் பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்து, கொஞ்ச நாள் வேலைக்குப் போய், அப்புறம் சொந்தமாகக் காயில் கட்டும் கடை போட்டான். 2003-இல் மாஸ்டருக்கு முடியாமல் போனபோது பள்ளி கூப்பிட்டது, வந்தான். மாதம் 1,500 ரூபாயில் ஆரம்பித்து, கடைசியாக வாங்கியது 3,000. அது பெரும்பாலும் குச்சிக்கும் தோலுக்கும், அடித்தோலை ஒட்டி அதிர்கிற ஸ்நேர் கம்பிக்குமே போனது, அவன் கணக்கு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நாலு மணிக்குக் கடையை மூடிவிட்டு வருவான், ஆறரைக்குப் போய் மறுபடி திறப்பான். அவன் பழக்கிய பையன்களில் ஒருவன் இன்று காவல்துறை பேண்டில் இருக்கிறான்.

இப்போது மணிக்கட்டு விஷயம். 2000-க்குப் பிறகு பிள்ளைகள் கையில் நிறம் நிறமாகக் கயிறு வர ஆரம்பித்தது. எந்த நிறம் யாருக்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நம் ஊர் ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். அவன் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு நாளும் பிரசங்கம் செய்ததில்லை. அறை வாசலில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தான். மாஸ்டர் சொன்ன அதே வார்த்தை, குச்சி பிடிக்கிற கையில ஒண்ணும் இருக்கப்படாது. எல்லாரும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் டிரம்மைத் தொட வேண்டும். முதல் வாரம் ஆறு மணிக்கு ஞாபகமாக எடுத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாள் போனால் ஒருவன் மறந்துவிட்டுப் போவான். அடுத்த நாள் இன்னொருவன். அவன் கூப்பிட்டு ஞாபகப்படுத்த மாட்டான். அந்த டப்பா அவன் கடையில் இருக்கிறது, போன மாதம் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் கயிறு. சாயம் போய் எது எந்த நிறம் என்றே இப்போது சரியாகத் தெரியவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அதன் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது, 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார், சாதி காட்டுகிற கயிறு பள்ளியில் கூடாது என்று அதில் இருக்கிறது. நீங்களும் வாசலில் பலகை வைத்திருக்கிறீர்கள், பெரிய எழுத்தில், பார்த்தேன். பலகை வைத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் பலகையைத் தாண்டி வருகிற பையன் கயிற்றைச் சட்டைக் கைக்குள் ஏற்றிக்கொண்டு வருகிறான், அதையும் அன்றைக்கே பார்த்தேன். இந்தப் பள்ளியில் பிள்ளைகள் தாங்களாகவே கழற்றி வைத்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குத்தான் பூட்டுப் போட்டீர்கள்.

சரி, நீங்கள் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் கேட்டபோது, டிரம் எல்லாம் வெள்ளத்தில் நனைந்து பயன்படாமல் போனவை, தணிக்கைக்கு முன் கழித்துவிட்டோம் என்றார்கள். வெள்ளம் வந்தது உண்மை. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் நம் மாவட்டமும் தூத்துக்குடியும் பட்ட பாடு நாடறியும். மைதானத்தை விடத் தாழ்ந்த இடம் என்பதால் பேண்டு அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அவன் கடைக்குள்ளும் தண்ணீர் வந்தது, ஊர்க்காரர்கள் கட்டக் கொடுத்த மோட்டார்கள் எல்லாம் சேற்றில் கிடந்தன, அதைப் போட்டுவிட்டு முதலில் இங்கேதான் வந்தான். டிரம் ஒவ்வொன்றையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, மொட்டை மாடியில் நிழலில் காயவைத்து, துரு பிடித்த போல்ட்டை மாற்றி, மீரட்டில் இருந்து புதுத் தோலும் ஸ்நேரும் வரவழைத்துப் போட்டான். 2024 ஜனவரி 26-க்கு நாற்பது நாள்கூட இல்லை. அன்று காலை நம் பள்ளி பேண்டு முழுதாக நடந்தது. நீங்களே மேடையில் நின்று மரியாதையை ஏற்றுக்கொண்டீர்கள், பள்ளி ஆண்டு மலரில் படமும் வந்திருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே “பேண்டு பயிற்றுநருடன் மாணவர்கள்” என்று போட்டிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடம் வந்து போனவனுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

ஊருக்குள் இருக்கும் பழைய இரும்புக் கடைகளில் நான் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். ஒரு கடையில் இரண்டு மட்டும் மிச்சம் இருந்தன. ஒன்று பேஸ் டிரம், இன்னொன்று தொடைமேல் தொங்கவிட்டு அடிக்கிற ஒரு சைடு டிரம். மற்றவை உடைத்துப் போய்விட்டன, பித்தளை தனியாக, இரும்பு தனியாக. இரண்டுக்கும் 900 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். சைடு டிரம்மின் தோலைக் கழற்றினேன். காயில் கட்டுகிறவர்கள் மோட்டாருக்குள்ளே தேதி எழுதி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள், எப்போது கட்டியது என்று அடுத்தவனுக்குத் தெரிவதற்காக. அவன் டிரம்முக்குள்ளும் எழுதியிருக்கிறான். மார்க்கர் பேனாவில், கொஞ்சம் சாய்ந்த அவன் கையெழுத்தில், “18.12.23 தண்ணி”, அதற்குக் கீழே “9.1.24 புதுத் தோல், புது ஸ்நேர்”, அதற்கும் கீழே “14.2.25 சத்தம் நல்லா இருக்கு”. அவன் போவதற்கு ஒரு மாதம் முன்னால் எழுதியது. பயன்படாது என்று சான்று எழுதியவர் இதைத் திறந்து பார்த்தாரா? குச்சியால் ஒரு தட்டாவது தட்டிப் பார்த்தாரா?

இன்னொன்று இதைவிட எனக்குப் பொறுக்கவில்லை. உடைத்துப்போன டிரம்களில் ஒன்று பள்ளியுடையதே இல்லை. 2011-இல் அவன் சொந்தப் பணத்தில் வாங்கி, புதிதாக வருகிற பையன்கள் கையில் நல்ல டிரம் ஒன்று இருக்கட்டும் என்று அறையில் வைத்தது. ரசீது அவன் பெயரில் இருக்கிறது. அவன் கருவிப் பெட்டியும், தோலை இறுக்குகிற சாவியும், மாஸ்டர் அவனுக்குக் கொடுத்த ஒரு ஜோடிக் குச்சியும் அந்த அறை அலமாரியில்தான் இருந்தன. அவன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, வீடு இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். எடைக்குப் போடும் முன் ஒரு ஆளை அனுப்பி, “இதில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா” என்று அவன் மனைவியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெற்றோர்கள் படிப்பைத்தான் கேட்கிறார்கள், பேண்டைக் கேட்பதில்லை என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். போன வருடம் பேண்டில் இருந்த இருபத்தாறு பையன்களின் பெற்றோர்களில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? நான் பதினொரு பேரிடம் பேசினேன். அவர்களில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சியாளர் இல்லை என்பது ஒரு நியாயமான காரணம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆள் தேடி நீங்கள் ஒருவரையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் பழக்கியவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவைதான், ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

அவன் கருவிப் பெட்டியும் சாவியும் மாஸ்டர் கொடுத்த குச்சிகளும் எங்கே போயின என்று தேடி எடுத்து அவன் வீட்டில் ஒப்படையுங்கள். அவன் சொந்த டிரம்மை விற்றது தவறு என்று அவன் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தாளாளர் கையெழுத்தோடு. அதற்கான பணத்தை அவர் கேட்கவில்லை, கடிதம் போதும் என்கிறார்.

டிரம்களைக் கழிப்பது என்று எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள், பயன்படாது என்று யார் சான்று கொடுத்தார்கள், எவ்வளவுக்குப் போனது என்கிற தாள்களைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முன் வையுங்கள்.

பேண்டை மறுபடி தொடங்குங்கள். பணத்துக்காகத் தயங்க வேண்டாம். எட்டு சைடு டிரம்முக்கும் இரண்டு டெனர் டிரம்முக்கும் பியூகிளுக்கும் ஆகிற செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் ஏற்கிறோம், பயிற்சியாளருக்கு மூன்று வருடச் சம்பளத்தையும் சேர்த்து. அவன் பழக்கியவர்களில் இரண்டு பேர் நாளைக்கே வரத் தயாராக இருக்கிறார்கள். உங்களிடம் கேட்பது அந்த அறையும், சாயங்காலம் நாலரையில் இருந்து ஆறு மணி வரையிலான நேரமும் மட்டும். அறை வாசலில் அந்த பிஸ்கட் டப்பாவை வைக்க எங்களை அனுமதியுங்கள்.

வருகிற ஆண்டு மலரில் அவன் பெயரைப் போடுங்கள், 2003 முதல் 2025 வரை என்று வருடத்தோடு. இதற்கு மட்டும் அவன் மனைவி சம்மதித்திருக்கிறார்.

கடைசியாக, 2026 ஜனவரி 26. முழு பேண்டு அதற்குள் தயாராகாது, எனக்கும் தெரியும். ஆனால் போன வருடம் பேண்டில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேருக்கு அந்த ரோல் வரும், கேட்டுப் பார்த்துவிட்டேன். மீட்டு வந்த சைடு டிரம்முக்கு ஒரு போல்ட் போட்டால் போதும். கைப்பேசியில்தான் கீதம் போடுவீர்கள் என்றாலும் போடுங்கள், அதற்கு முன்னால் ஏழு அடியும், அப்புறம் ஒரு அடி அமைதியும் அந்தப் பையன்களில் ஒருவன் கையில் இருந்து வரட்டும்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்று சாயங்காலம் நாலரைக்கு நானும் எங்கள் செட்டில் ஆறு பேரும் பள்ளிக்கு வருகிறோம். இரண்டு டிரம்களையும் அவன் கணக்கு நோட்டையும் 2011 ரசீதையும் கொண்டு வருகிறோம். தாளாளர் ஐயா அன்று அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
1996 பிளஸ் டூ மாணவன்,
பேஸ் டிரம்